சேகா சாட்டர்ன் தினமும் தேதி கேட்கிறது: பேட்டரி மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யும்போது அலமாரி மேலே ஓர் அட்டைப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே மாமாவின் சேகா சாட்டர்ன் என்ற பழைய வீடியோ கேம் பெட்டி, கூடவே கையில் பிடித்து ஆடும் கேம்பாய்க்கான அக்காவின் கேசட் ஒன்று, போக்கிமான் சிவப்பு என்ற ஆட்டம். சாட்டர்ன் ஓடுகிறது. ஆனால் போடும்போதெல்லாம் மொழி எது, தேதி என்ன என்று கேட்கிறது. விளையாடிச் சேமித்தது மறுநாள் இருப்பதில்லை. அக்காவின் கேசட்டில் மட்டும் அவர் பள்ளிக்கூட நாளில் விட்ட இடம் அப்படியே இருக்கிறதாம். டவுனில் ஒரு கடையில் காட்டினால், "போர்டு போச்சு, 150 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். நிஜமாகவே போர்டுதான் போனதா, தானே மாற்ற முடியுமா என்று கேட்கிறார்.

போர்டு போகவில்லை, தம்பி. பேட்டரி தீர்ந்துபோனால் சாட்டர்ன் அப்படித்தான் கேட்கும். அதற்கு வேண்டியது சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று, சில வெள்ளிதான். திருப்புளிகூடத் தேவையில்லை. அக்காவின் கேசட் வேறு கதை. ஆர்வத்தில் அதைத் திறந்துவிடாதீர்கள், பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். சாட்டர்னில் போனது போய்விட்டது, அது ஒரு மாதம் கழித்து மாற்றினாலும் ஒன்றுதான். கேசட்டில் இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறது, அவசரம் அதற்குத்தான்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இன்றைய கைபேசியில் படம் எடுத்து அணைத்து வைத்தாலும் படம் இருக்கிறது, ஏனென்றால் அதிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்துக்குச் சும்மா இருக்கும்போது மின்சாரம் வேண்டாம். எண்பது, தொண்ணூறுகளில் அது விலை அதிகம். அதனால் விளையாட்டுப் பெட்டி செய்தவர்கள் எஸ்ரேம் என்ற சாதாரண நினைவகச் சில்லைப் போட்டு, பக்கத்தில் ஒரு பொத்தான் பேட்டரியை வைத்தார்கள். பெட்டி ஓடும்போது சில்லுக்குச் சுவர் மின்சாரம், அணைத்தபிறகு பேட்டரி. இரண்டும் அறுந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அமெரிக்காவில் 1987-இல் வந்த செல்டா என்ற ஆட்டத்தின் கேசட்தான் நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு இந்த முறையை அங்கே அறிமுகப்படுத்தியது.

இந்தச் சில்லு குடிக்கும் அளவு மிகக் கொஞ்சம். சிஆர்2032-இல் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். சில்லு ஒரு மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2,20,000 மணி நேரம், அதாவது 25 வருடம். அக்காவின் கேசட் இன்னும் பிழைத்திருப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை, சில்லு குடிப்பது அவ்வளவு கொஞ்சம். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அந்தக் காலத்து எஸ்ரேம் சில்லு பெரும்பாலும் 2 வோல்ட் வரை எழுத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே போனால் விட்டுவிடும்.

சாட்டர்னுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் 32 கிலோபைட் சேமிப்போடு கடிகாரமும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. கடிகாரம் ராப்பகலாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பிளக்கைக் கழற்றி மூலையில் வைத்த சாட்டர்ன் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். போக்கிமான் தங்கம், வெள்ளி கேசட்டுகளுக்கும் இதே கதிதான். அவற்றில் இரவு பகல் காட்ட ஒரு கடிகாரம் உண்டு. பின்னால் வந்த அவை போய்விட்டு, முன்னால் வந்த சிவப்பு பிழைத்திருப்பதைப் பார்த்து ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள். காரணம் இவ்வளவுதான்.

மாமா விளையாடி வைத்தது எதுவும் சாட்டர்னுக்குள் மிச்சம் இல்லை. யாராவது "ரிக்கவர் பண்ணித் தர்றேன்" என்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியின் மேலே கேசட் சொருகும் துளையில் நினைவகக் கேசட் ஏதாவது கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சேகாவின் சொந்தக் கேசட் ஃபிளாஷ் வகை, பேட்டரி வேண்டாம். அது இருந்தால் மாமாவின் ஆட்டம் அதற்குள் இருக்க வாய்ப்புண்டு. துளையின் தொடர்புகள் தேய்ந்து, அழுக்கேறிச் சண்டித்தனம் செய்வது இந்தப் பெட்டியின் பழைய வியாதி. முதல் தடவை தெரியவில்லை என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கேசட்டின் கால்களைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகிப் பாருங்கள்.

சேமிப்பு என்பதே எங்களுக்கு ஒரு காலத்தில் பெரிய விஷயம். எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்கு ஓடும், இரவு பத்துக்கு நிற்கும். லயத்தில் யாரோ ஒருவர் வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் விளையாட்டுப் பெட்டி இருக்கும், அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள். கடைசிக் கட்டத்துக்கு வந்திருப்போம், விளக்கு ஒரு தடவை மங்கும். இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று அர்த்தம். பிறகு ஒரே இருட்டு, ஒரே சத்தம். நாங்கள் வாங்கிய மலிவுக் கேசட்டுகளில் பேட்டரியே இருக்காது. கடவுச்சொல் கொடுக்கும் ஆட்டமென்றால் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். அதில் பூஜ்யமா, ஓ எழுத்தா என்று மறுநாள் அடிதடி. அதனால்தானோ என்னவோ, பேட்டரி போன கேசட் கைக்கு வந்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் பதற்றம்.

சரி, சாட்டர்னுக்கு வருவோம்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வயர் சொருகும் இடங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். விரல் நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். உள்ளே வீடியோ சிடி கார்டு சொருகும் நீண்ட இடமும், அதன் அருகே பேட்டரியும் தெரியும். பழையதை எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற சந்தேகம் பிறகு கட்டாயம் வரும். எடுக்க மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ நல்லது. இரும்புத் திருப்புளியால் குத்தினால் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும், பிடிப்பானின் நாக்கும் வளைந்துவிடும். புதியதைத் துணியால் பிடித்துப் போடுங்கள். நம் விரல் வியர்வை இந்த ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்தால் அந்த மெல்லிய தகட்டில் கறை ஏறும்.

கதவைத் திறந்ததும் பேட்டரிமேல் வெள்ளை மாவுபோல் எதுவும் இருந்தால் பயப்படாதீர்கள். போன வருடம் இதேபோல் ஒரு சாட்டர்ன் வந்தது. மல்டிமீட்டரில் பழைய பேட்டரி 0.4 வோல்ட் காட்டியது. புதியதைப் போட்டும் மறுபடி தேதியைத்தான் கேட்டது. உருப்பெருக்கியில் பார்த்தேன், பிடிப்பானின் கீழ் நாக்கில் பச்சை படர்ந்திருந்தது, பக்கத்தில் கரப்பான் முட்டை ஓடு ஒன்று ஒட்டிக்கிடந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, நாக்கை ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டேன். அன்றிலிருந்து தேதியைப் பிடித்துக்கொண்டது. "போர்டு போச்சு" என்று சொல்லி வருகிற பெட்டிகளில் பாதி இந்த ரகம்தான்.

பேட்டரி எங்கே வாங்குவது? கார் ரிமோட்டுக்கும் கணினிக்கும் போடுவதும் இதுதான், அதனால் வாட்ச் கடையிலோ கணினிக் கடையிலோ கிடைக்கும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அட்டையோடு பத்துப் பதினைந்து தொங்குமே, அதை வாங்காதீர்கள். தேதி இருக்காது, இருந்தாலும் வெயிலில் காய்ந்து பாதி தீர்ந்திருக்கும். நல்ல கம்பெனி பெயர் போட்டது, காலாவதித் தேதி தள்ளி இருப்பது, அவ்வளவு பார்த்தால் போதும். எண்ணை மாற்றி வாங்காதீர்கள்: 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025-உம் அதே அகலம்தான், ஆனால் 2.5 மில்லிமீட்டர், சாட்டர்னில் லொடலொடக்கும்.

பழைய பேட்டரியைச் சும்மா மேசைமேல் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் முதல் வேலையாக இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தப் பொத்தான் தொண்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அப்படி விழுங்கினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனை. விளையாட்டுப் பெட்டிக்கு உதவாத தீர்ந்த பேட்டரியும்தான் செய்யும் இந்த வேலையை, மறக்காதீர்கள்.

இன்னொன்று. அடுத்த முறை, பேட்டரி சாகும் முன்னே மாற்றினால், சாட்டர்னை ஓடவிட்டபடியே மாற்றலாம். பெட்டி ஓடும்போது நினைவகத்துக்குச் சுவர் மின்சாரம் போகிறது, பேட்டரியை எடுத்தாலும் எழுத்து நிற்கும். அந்தச் சின்ன அறையில் ஆபத்தான மின்னழுத்தமும் இல்லை. ஆனால் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். சாட்டர்னின் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, பிளக் சொருகியிருந்தால் முழுச் சுவர் மின்சாரம் அங்கே திறந்து கிடக்கும். அப்புறம் மாமா அதை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் 100 வோல்ட் பெட்டி. நம் ஊர் 230-ஐ நேரே கொடுத்தால் பேட்டரியைப் பற்றி யோசிக்கும் வேலையே மிச்சம். உங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் சரியான வகையாகவோ, நடுவே மின்மாற்றி வைத்தோ ஓடுகிறது. அந்த மின்மாற்றியைப் பழைய சாமானோடு எறிந்துவிடாதீர்கள்.

இப்போது அக்காவின் கேசட்.

நான் கடை போட்ட புதிதில் ஒரு பையன் இதேபோல் கேசட் கொண்டுவந்தான். "அண்ணே, பேட்டரி பழசா இருக்கும், மாத்திடுங்க" என்றான். நானும் திறந்து, பழையதைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். அங்கேயே கேம்பாயில் போட்டுப் பார்த்தான். "புதிய ஆட்டம்" என்றுதான் வந்தது, பழைய ஆட்டத்தைத் தொடரும் வரியைக் காணவில்லை. அழவில்லை, திட்டவில்லை. "எல்லாம் போச்சாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டான். கூலி வாங்கவில்லை, ஆனால் அதனால் என்ன? பேட்டரியைக் கழற்றிய அந்த நொடியே அழிந்துவிட்டது. எனக்கு அது தெரியும், அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஆகவே முதலில் பிரதி. கேசட்டைக் கணினியில் மாட்டிச் சேமிப்பைப் படித்து எடுக்கும் கருவி இணையத்தில் கிடைக்கிறது. படித்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, பேட்டரி மாற்றியபின் திரும்பக் கேசட்டிலேயே எழுதிவிடலாம். அக்கா விட்ட இடம், விளையாடிய நேரம் எல்லாம் அப்படியே வரும். ஈப்போவில் பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் யாராவது தெரிந்திருந்தால் அவர்களிடம் இருக்கக்கூடும், ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். கருவி கிடைக்கவே இல்லையென்றால் இன்னொரு வழி: இரண்டு கேம்பாய், ஓர் இணைப்பு வயர், அதே வரிசையில் இன்னொரு கேசட். அக்காவின் பிராணிகளை ஒவ்வொன்றாக அங்கே மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில பிராணிகள் கைமாறும்போதே வேறு உருவமாகிவிடும். அக்காவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தை அழிக்காமலே பேட்டரியை மாற்றும் வித்தையும் உண்டு. இரண்டு ஏஏ பேட்டரியைத் தொடராக வைத்து 3 வோல்ட் எடுத்து, நடுவில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஷாட்கி டயோட் ஒன்றைப் போட்டு, பழைய பேட்டரியின் இரு முனைகளுக்கும் முதலில் மெல்லிய வயரில் கொடுத்துவிட்டுப் பிறகு பழையதைக் கழற்றுவது. நான் செய்திருக்கிறேன். ஒரு வயர் நழுவினால் முடிந்தது கதை. சோல்டரிங் அயனில் கசிவு இருந்தாலும் முடிந்தது. முதல் முறை சோல்டரிங் பிடிப்பவர் இதைத் தொடக்கூடாது; பிரதி எடுத்துவிட்டால் இதற்கு அவசியமும் இல்லை.

கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தலை உள்ள தனித் திருப்புளி வேண்டும், சாதாரண நட்சத்திரம் பிடிக்காது. பேனா மூடியை உருக்கி அழுத்தித் திருப்புளி செய்வதெல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், பாதி வழியில் வழுக்கும். கருவி விலை குறைவுதான், வாங்கிவிடுங்கள். உள்ளே பேட்டரியின் எண் அதன்மேலேயே பொறித்திருக்கும். இந்தக் கேசட்டில் 1616-உம் உண்டு, 2025-உம் உண்டு, அச்சுக்கு அச்சு மாறும். அதனால் திறந்து பார்க்காமல் பேட்டரி வாங்காதீர்கள். பார்ப்பதற்காக மட்டும் திறப்பது ஆபத்தில்லை, பேட்டரிப் பக்கம் உலோகம் படாமல் இருந்தால் சரி. ஆனாலும் பிரதி எடுத்தபிறகு திறப்பதே எனக்கு நிம்மதி.

வாங்கும்போது "கால் வைத்த பேட்டரி" என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் சின்னத் தகடு தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும், அந்தத் தகட்டைத்தான் போர்டில் பற்றவைக்க வேண்டும். வெறும் பேட்டரியின் உடம்பில் நேரே ஈயம் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டைத் தாங்காது. உள்ளே கெடும், சில சமயம் வெடிக்கும். பழைய தகட்டுக்கு நடுவே புதிய பேட்டரியைச் செருகி டேப் சுற்றுபவர்களும் உண்டு. எங்கள் கடைக்கு அப்படி வந்தவை எல்லாம் டேப் பசை உருகி, பேட்டரி நகர்ந்து, ஆட்டம் அழிந்து வந்தவைதான். கேம்பாய் கேசட்டில் பிடிப்பான் வைக்க இடமில்லை, அந்த ஆசையும் வேண்டாம்.

பழையதைக் கழற்றும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய ஈயம் சீக்கிரம் உருகாது. அதன்மேல் கொஞ்சம் புதிய ஈயம் வைத்துக் கலக்கினால் இளகும். கழித்தல் முனை போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும், சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே இன்னும் ஓரிரு நொடி பொறுங்கள். இளகும் முன் இழுத்தால் கீழே உள்ள செம்புத் திண்டும் கூடவே கிளம்பி வரும். போர்டு போச்சு என்று அப்போது சொன்னால் அது உண்மை.

உங்கள் மாமா சேகா பிரியர் என்றால் சாட்டர்னுக்குப் பின் வந்த டிரீம்காஸ்ட் பெட்டியும் எங்காவது கிடக்கலாம். அதற்கும் இதே வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரீம்காஸ்டில் இருப்பது மின்னேற்றக்கூடிய பேட்டரி, எம்எல்2032, போர்டில் பற்றவைத்தது. பெட்டி ஓடும்போது அதற்கு மின்னேற்றம் நடக்கும். அந்த இடத்தில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டால் ஏற்றக்கூடாததை ஏற்றுவதாகும், வீங்கும், கசியும். நல்லவேளையாக அதில் ஆட்டம் தனி நினைவகத்தில் சேமிப்பதால், பேட்டரி போனால் நேரம் மட்டும்தான் தவறாகிவிடும்.

இதைவிட மோசமாகக் கெட்டது அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் நின்ற பெரிய பெட்டிகள். கேப்காம் நிறுவனம் அவற்றுக்குச் செய்த சிபிஎஸ்-2 போர்டில் ஆட்டத்தின் பூட்டைத் திறக்கும் சாவியையே பேட்டரி தாங்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சேமிப்பு மட்டுமல்ல, ஆட்டமே போய்விடும். அதோடு ஒப்பிட்டால் உங்கள் சாட்டர்ன் சாதுதான்.

பேட்டரி மாற்றியபின் மொழி, தேதி ஒரு முறை வைத்துவிட்டு, ஏதாவது ஓர் ஆட்டத்தைச் சேமித்து, பிளக்கையும் கழற்றி ஒரு இரவு விடுங்கள். உடனே போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். சில நிமிடம் மிஞ்சின மின்சாரத்திலேயே சில்லு தாக்குப்பிடிப்பதுண்டு. மறுநாள் காலையில் தேதி கேட்காமல் நேரே போனால் வேலை முடிந்தது. கேட்டால், நான் சொன்ன அந்தப் பச்சைக் கறையைத் தேடுங்கள், அதிலும் இல்லையென்றால் கதவைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

கதவின் உட்பக்கம் ஒரு காகித டேப் ஒட்டி, மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் ஆனதும், சாகும் வரை காத்திருக்காமல், பெட்டியை ஓடவிட்டபடி அடுத்ததைப் போட்டுவிடலாம். என் சாட்டர்னின் கதவில் அப்படி ஆறு தேதி இருக்கிறது, ஐந்து அடித்தது.